1641 அயர்லாந்துக் கிளர்ச்சியும் குடியேறிகள் கொலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து, அயர்லாந்து வரலாற்றைப் புரட்டும்போது 1641 என்ற ஆண்டு திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஒரு பக்கம் "மூன்று லட்சம் புராட்டஸ்டன்டுகள் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள்" என்று இருக்கும். இன்னொரு பக்கம் "அப்படி எதுவுமே நடக்கவில்லை, எல்லாம் ஆங்கிலேயர் கட்டிய கதை" என்று இருக்கும். இரண்டுமே தவறு. இந்தத் தலைப்பில் வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

1641-ல் என்னதான் நடந்தது?

அக்டோபர் 22 இரவு, அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் கத்தோலிக்க நிலப்பிரபுக்கள் சிலர் ஆயுதம் ஏந்திக் கோட்டைகளைப் பிடித்தார்கள். மறுநாள் காலை டப்ளின் கோட்டையையும் பிடிப்பதாகத் திட்டம். அது மட்டும் கைகூடவில்லை. சில நாட்களுக்குள் கிளர்ச்சி தலைவர்களின் கையை மீறிப் போனது. கிராமம் கிராமமாகப் புராட்டஸ்டன்ட் குடியேறிகளின் வீடுகள் கொள்ளை போயின, மக்கள் விரட்டப்பட்டார்கள், பல இடங்களில் கொல்லப்பட்டார்கள். அங்கே தொடங்கிய போர் 1653 வரை ஓடியது.

(அன்று அயர்லாந்தில் பழைய ஜூலியன் நாட்காட்டிதான். இங்கே உள்ள தேதிகளும் அதன்படியே. இன்றைய கணக்குக்குப் பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.)

இந்தக் குடியேறிகள் யார்? எப்படி அங்கே வந்தார்கள்?

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றது எதுவும் புரியாது. 1607 செப்டம்பரில் ஹியூ ஓநீல், ரோரி ஓடானல் என்ற இரண்டு பெரும் கேலிக் (பழைய ஐரிஷ் மரபினர்) பிரபுக்கள் தம் சுற்றத்தோடு ராத்மல்லனில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். ஆங்கில அரசுக்கு எதிரான ஒன்பது ஆண்டுப் போரில் தோற்றவர்கள் அவர்கள். விட்டுப்போன நிலத்தை அரசு பறிமுதல் செய்தது. அர்மா, கேவன், டோனகல், ஃபெர்மானா, டைரோன், பின்னால் லண்டன்டெரி என்று பெயர் மாறிய கோல்ரெய்ன் என ஆறு கவுண்டிகள் (மாவட்டங்கள்). 1609-க்குப் பிறகு அந்த நிலம் பங்கு போடப்பட்டது. ஆங்கிலேய, ஸ்காட்டியப் பண்ணையார்கள், ஓய்வுபெற்ற படைவீரர்கள், லண்டன் நகர வணிகக் குழுமங்கள் எல்லோருக்கும் பங்கு. கொஞ்சம் நிலம் உள்ளூர் ஐரிஷ் பிரபுக்களுக்கும் கிடைத்தது.

விதிப்படி பெரும் பண்ணையார்கள் தம் நிலத்தில் ஐரிஷ் குத்தகைதாரர்களை வைத்திருக்கவே கூடாது. நடைமுறையில் வைத்திருந்தார்கள், ஏனென்றால் அவர்கள் கூடுதல் குத்தகை கொடுத்தார்கள். ஆகவே 1641-ல் குடியேறியும் உள்ளூர்க்காரரும் அடுத்தடுத்த வயலில் உழுதார்கள், ஒரே சந்தைக்குப் போனார்கள், ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து வாங்கினார்கள். கொன்றவனின் பெயரைப் பிழைத்தவர்களால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் இதுதான். அவன் அந்நியன் அல்ல, அடுத்த வீட்டுக்காரன்.

நிலம் போன கோபம் என்றால் முப்பது ஆண்டு ஏன் காத்திருந்தார்கள்?

நிலம் போனது பழைய புண். 1641-ல் அதன்மேல் வேறு பலவும் விழுந்தன. கிளர்ச்சித் தலைவர் சர் ஃபீலிம் ஓநீல் நிலம் பறிகொடுத்த ஏழை அல்ல. லண்டனில் சட்டம் படித்தவர், டங்கானன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், குடியேற்றத்தில் நிலம் தக்கவைத்த குடும்பம். ஆனால் கழுத்தளவு கடன். சதியில் அவருடைய கூட்டாளியான மக்வயர் பிரபுவுக்கும் அதே கதை. அடகு வைத்த நிலம் ஒவ்வொன்றாகப் புதியவர்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்தது.

அரசியலிலும் காற்று மாறியது. ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன்கள் (ஆயர்களை ஏற்காத புராட்டஸ்டன்ட் பிரிவினர்) அரசர் சார்லஸுக்கு எதிராக ஆயுதம் தூக்கித் தம் மதத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். "அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?" என்ற எண்ணம் அயர்லாந்தில் எழுந்தது. அயர்லாந்தை இரும்புக் கையால் ஆண்ட ஸ்ட்ராஃபர்ட் பிரபுவின் தலை 1641 மே மாதம் லண்டனில் வெட்டப்பட்டது. கத்தோலிக்கர் என்றாலே பல்லைக் கடிக்கும் பியூரிட்டன்களிடம் (தீவிரப் புராட்டஸ்டன்டுகள்) இங்கிலாந்து நாடாளுமன்றம் போனது. அவர்கள் அயர்லாந்தின் பக்கம் திரும்புவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்ற அச்சம்தான் உடனடிக் காரணம்.

டப்ளின் கோட்டைத் திட்டம் எப்படிக் கெட்டது?

குடிபோதையில். சதிகாரர்களில் ஒருவரான ஹியூ ஓக் மக்மஹன், 22-ஆம் தேதி மாலை தன் வளர்ப்புச் சகோதரன் ஓவன் ஓகானலியைக் குடிக்க அழைத்து எல்லாவற்றையும் உளறிவிட்டார். ஓகானலி புராட்டஸ்டன்டாக மாறியவர் என்பதை யோசித்திருக்க வேண்டாமா? அவர் சிறுநீர் கழிக்கப் போவதுபோல் வெளியே வந்து, சுவர் தாண்டி ஓடி, டப்ளின் ஆட்சியை நடத்திய நீதிப் பிரபு வில்லியம் பார்சன்ஸின் வீட்டுக் கதவைத் தட்டினார். வாயில் சாராய வாடை. பார்சன்ஸ் முதலில் நம்பவில்லை. பிறகு விடிவதற்குள் மக்மஹனும் மக்வயரும் கைதானார்கள். இருவரும் பின்னாளில் லண்டன் டைபர்னில் தூக்கிலேற்றப்பட்டார்கள்.

தொடக்கத்திலேயே குடியேறிகளைக் கொல்வதுதான் திட்டமா?

தலைவர்களைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரம் இல்லை. ஃபீலிம் ஓநீல் அக்டோபர் 24 அன்று டங்கானனில் அறிக்கை விட்டார்: அரசருக்கும் ஆங்கிலேய, ஸ்காட்டியக் குடிமக்களுக்கும் எந்தத் தீங்கும் செய்யும் நோக்கம் இல்லை, எங்கள் உரிமையைக் காக்கவே ஆயுதம் எடுத்தோம் என்று. நவம்பர் 4 அன்று நியூரியில் ஒருபடி மேலே போய், சார்லஸ் மன்னரே தனக்கு ஆணை கொடுத்ததாக ஒரு பத்திரத்தைக் காட்டினார். அது போலி. ஆனால் அந்த ஒரு போலிப் பத்திரம் இங்கிலாந்தில் அரசரின் பெயரைக் கெடுத்த அளவுக்கு வேறெதுவும் கெடுத்ததில்லை.

அவர் சார்ல்மான்ட் கோட்டையைப் பிடித்த விதத்தையும் பாருங்கள். கால்ஃபீல்ட் பிரபுவின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். பழகியவர்தானே என்று கதவு திறந்தார்கள். உள்ளே போனதும் காவலரைப் பிடித்துக் கட்டினார்கள். ரத்தம் சிந்தவில்லை. கைதியான கால்ஃபீல்ட் சில மாதம் கழித்து ஃபீலிமின் ஆட்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சி முழுவதும் போன பாதையே அதுதான். மேலே இருந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள், பின்னால் நுழைந்தவர்களை அவர்களால் நிறுத்த முடியவில்லை. சிலர் நிறுத்தப் பார்க்கவும் இல்லை.

கொலை எப்படிப் பரவியது?

முதலில் மாடு, குதிரை, தானியம். பிறகு வீட்டுச் சாமான். பிறகு உடுத்திய துணி. துணியை உரிந்தது அவமானப்படுத்த மட்டும் அல்ல, அன்று துணிக்கு விலை இருந்தது. மடிப்பில் காசு தைத்து வைத்திருப்பார்கள் என்ற சந்தேகமும் இருந்தது. ஆனால் அந்தக் குளிர்காலம் கடுமையானது. கிழவர்களும் கைக்குழந்தைகளும் அரைகுறை ஆடையோடு, சில இடங்களில் அதுவும் இல்லாமல், டப்ளினை நோக்கியோ கடற்கரை ஊர்களை நோக்கியோ பல நாள் நடந்தார்கள். ஈட்டியில் செத்தவர்களைவிடக் குளிரிலும் பசியிலும், டப்ளினில் வந்து சேர்ந்த பிறகு காய்ச்சலிலும் செத்தவர்கள் அதிகம். "கொலை" என்ற சொல்லுக்குள் இவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் எண்ணிக்கைச் சண்டையில் பாதி அடங்கியிருக்கிறது. ஒருவரின் துணியை உரிந்து பனியில் விரட்டியவனுக்கு அவர் சாவில் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

நவம்பர் பிறந்ததும் கூட்டக் கொலைகள் தொடங்கின. அர்மா கவுண்டியில் ஆட்களை வீட்டுக்குள் அடைத்துத் தீ வைத்த சம்பவங்கள் உண்டு. நவம்பர் 28 அன்று லிஸ்னகார்வி ஊரைத் தாக்கிய கிளர்ச்சியாளர்கள் அடிவாங்கித் திரும்பினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு கையிலிருந்த கைதிகள்மேல் ஆத்திரம் பாய்ந்தது. ஃபீலிமின் சொந்த ஊரான கினார்டைச் சுற்றியிருந்த குடியேறிக் குடும்பங்களில் பெரும்பாலானவை அழிந்தன. 1642 ஜனவரியில் கேவன் கவுண்டியின் பெல்டர்பெட்டில் ஆற்றில் தள்ளினார்கள். பிப்ரவரியில் மாயோ கவுண்டியின் எல்லையில் ஷ்ரூல் பாலத்தருகே, பாதுகாப்பாகக் கொண்டுபோய் விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து அழைத்து வந்தவர்களையே வெட்டினார்கள்.

போர்ட்டடவுன் பாலத்தில் நடந்தது என்ன?

1641 நவம்பர் நடுவில், லாக்கால் என்ற ஊரின் தேவாலயத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த குடியேறிகள் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு. ஏறத்தாழ 100 பேர், ஆண், பெண், குழந்தைகள். டூல் மக்கான் என்ற தலைவனின் ஆட்கள் அவர்களைப் பன்றிகளை ஓட்டுவதுபோல் ஆறு மைல் ஓட்டிவந்து பான் ஆற்றங்கரையில் நிறுத்தினார்கள். போர்ட்டடவுன் மரப்பாலத்தின் நடுப்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. துணியை உரிந்து, ஈட்டி முனையில் பாலத்தின்மேல் ஏற்றி, அறுந்த இடம்வரை தள்ளினார்கள். அதற்கப்புறம் தண்ணீர்தான். நீந்திக் கரையேறப் பார்த்தவர்களைச் சுட்டார்கள்.

இதைச் சொன்னவர் வில்லியம் கிளார்க் என்ற தோல் பதனிடுபவர். அந்தக் கூட்டத்திலிருந்து காசு கொடுத்துத் தப்பியவர். 1642 ஜனவரி தொடக்கத்திலேயே, அதாவது இரண்டு மாதத்துக்குள், டப்ளினில் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். வேறு பலரும் இதே நிகழ்வைச் சொல்கிறார்கள். எண்ணிக்கை ஒருவருக்கொருவர் மாறுகிறது. ஆனால் ஆறு, பாலம், தலைவன் பெயர் ஆகியவை மாறவில்லை.

அந்த ஆற்றில் பேய் தெரிந்ததாகச் சொல்வார்களே?

எலிசபெத் பிரைஸ் என்ற பெண் 1643-ல் கொடுத்த வாக்குமூலத்தில் அது வருகிறது. அவருடைய ஐந்து பிள்ளைகள் அந்தப் பாலத்திலிருந்து தள்ளப்பட்டவர்கள். மாலை வேளையில் ஆற்றின் நடுவே, இடுப்புவரை தண்ணீருக்கு மேலே, ஒரு பெண்ணுருவம் நிமிர்ந்து நின்று "பழி, பழி" என்று கத்தியதாகச் சொல்கிறார்.

இந்த ஒரு பத்தியை வைத்தே பிற்காலத்தில் சிலர் வாக்குமூலங்கள் மொத்தத்தையும் தள்ளுபடி செய்தார்கள். பேயைப் பார்த்தேன் என்பவளை எப்படி நம்புவது என்று. எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் நீதிபதியும் பேயை நம்பினார், ஆயரும் நம்பினார். ஐந்து பிள்ளைகளை அந்த ஆற்றில் பறிகொடுத்தவள் அதே கரையில் நின்றால் எதைத்தான் பார்க்கமாட்டாள்?

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

சர் ஜான் டெம்பிள் என்ற டப்ளின் அரசாங்க உயரதிகாரி 1646-ல் வெளியிட்ட புத்தகத்தில் மூன்று லட்சம் என்றார். அன்று அயர்லாந்தில் இருந்த புராட்டஸ்டன்டுகளே அவ்வளவு பேர் கிடையாது. ஆனாலும் அந்த எண் இருநூறு ஆண்டுக்கு மேல் திரும்பத் திரும்ப அச்சானது. 1670-களில் வில்லியம் பெட்டி கணக்குப் போட்டு, முதல் ஆண்டில் கொல்லப்பட்டவர்கள் 37,000 என்று குறைத்தார். அதுவும் மிகை.

இன்றைய ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்வது இது: நேரடியாகக் கொல்லப்பட்டவர்கள் 4,000 அளவில். விரட்டப்பட்டுக் குளிரிலும் பசியிலும் நோயிலும் மாண்டவர்களையும் சேர்த்தால் 12,000 வரை போகலாம். அர்மா கவுண்டியில் மட்டும் அடி மிகப் பலம். குடியேறிகளில் நான்கில் ஒருவர்வரை அங்கே இறந்திருக்கலாம் என்பது ஒரு கணிப்பு.

மூன்று லட்சம் நாலாயிரமாகக் குறைந்ததும் "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கவுண்டியில் கால்வாசிப் பேர் என்பதை உங்கள் தெருவில் வைத்து எண்ணிப் பாருங்கள்.

வாக்குமூலங்கள் என்று அடிக்கடி வருகிறதே, அவை என்ன? நம்பலாமா?

1641 டிசம்பரில் டப்ளின் அரசு எட்டுப் பாதிரிமாரைக் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. தலைவர் கில்மோர் மறைமாவட்ட டீன் (தலைமைக் குரு) ஹென்றி ஜோன்ஸ். ஓடிவந்த அகதிகளை உட்காரவைத்து, சத்தியம் வாங்கி, சொன்னதை எழுதிக்கொண்டார்கள். பிற்கால விசாரணைகளையும் சேர்த்து ஏறக்குறைய 8,000 வாக்குமூலங்கள், 31 தொகுதிகள். 1741 முதல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன.

ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதலில் பெயர், ஊர், தொழில். அடுத்து வருவது கொலை அல்ல, பட்டியல். பசு இத்தனை, குதிரை இத்தனை, களத்தில் இருந்த தானியம், வைக்கோல், பாத்திரம் பண்டம், ஒவ்வொன்றுக்கும் பவுண்டு கணக்கில் விலை. மிச்சமிருந்த குத்தகைக் காலத்தின் மதிப்பு. வரவேண்டிய கடன், கடன்காரர்களின் பெயர்கள். பிறகு கொள்ளையடித்தவர்கள் யார் யார். அதற்குப் பிறகுதான் அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்கள், கண்ணால் கண்ட சாவுகள், கடைசியில் "அப்படிக் கேள்விப்பட்டேன்" என்று தொடங்கும் செய்திகள். அடியில் கையெழுத்து, தெரியாதவர்களுக்குக் கீறல்.

எனவே நம்பலாமா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. கொள்ளைபோன மாட்டின் விலையை நஷ்ட ஈடு எதிர்பார்த்து ஏற்றிச் சொல்லியிருக்கலாம். "கேள்விப்பட்டேன்" பகுதியில் ஊர் வதந்தி முழுக்க இருக்கிறது, டெம்பிள் தன் புத்தகத்துக்கு அள்ளிக்கொண்ட கொடூரங்களில் நிறைய அங்கிருந்து வந்தவை. "என் கணவனை, என் கண்முன், இன்னார் இன்ன இடத்தில்" என்று பெயரோடு சொல்லும் பகுதி வேறு வகை. பெரும்பாலான வாக்குமூலங்கள் கொள்ளையைத்தான் சொல்கின்றன, கொலையை அல்ல என்பதும் அவற்றின் நேர்மைக்கு ஒரு சாட்சி. கட்டிவிட நினைத்திருந்தால் எல்லோரும் கொலையையே சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு பழைய குழப்பமும் உண்டு. பல தாள்களில் வரிகள் கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும். பொய் என்று தெரிந்து அடித்துவிட்டார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒரு கட்சி வாதாடியது. உண்மையில் படியெடுக்கும்போது சுருக்குவதற்காக, பெரும்பாலும் சொத்துப் பட்டியலைத்தான் அடித்தார்கள்.

ஆங்கிலேயப் பசுக்களுக்கு விசாரணை நடந்தது உண்மையா?

மாயோ கவுண்டியிலிருந்து வந்த வாக்குமூலங்களில் இருக்கிறது. குடியேறிகள் கொண்டுவந்த ஆங்கில இனக் கால்நடைகளைக் கூண்டிலேற்றாத குறையாக நிறுத்தி, ஜூரி வைத்து விசாரித்து, தண்டனை கூறி வெட்டினார்களாம். வேறு இடங்களில் பைபிளைச் சேற்றில் போட்டு மிதித்தார்கள், எரித்தார்கள். புதைத்த புராட்டஸ்டன்ட் பிணங்களைத் தேவாலய மண்ணிலிருந்து தோண்டி வெளியே எறிந்தார்கள்.

பசித்தவன் மாட்டைத் தின்பான், விசாரிக்கமாட்டான். முப்பது ஆண்டாகத் தங்கள்மேல் ஏவப்பட்ட ஆங்கிலச் சட்டம், ஜூரி, தீர்ப்பு எல்லாவற்றையும் நையாண்டி செய்யும் நாடகம் அது. மதச்சண்டையா நிலச்சண்டையா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பசுக்களைத்தான் காட்டுவேன். மொழி, மாடு, சட்டம், ஜெபம் என்று குடியேறிகளோடு வந்த எல்லாவற்றின்மீதும் கோபம் இருந்தது.

குடியேறிகளைக் காப்பாற்றிய கத்தோலிக்கர்கள் இல்லையா?

நிறைய இருந்தார்கள். அவர்களைப் பற்றியும் அதே வாக்குமூலங்கள்தான் சொல்கின்றன. வீட்டுக்குள் ஒளித்தவர்கள், வழிக்கு ரொட்டி கொடுத்தவர்கள், குறுக்கே நின்ற பாதிரியார்கள்.

கில்மோர் ஆயர் வில்லியம் பெடல் கதை தனி. ஆங்கிலேயர், ஆனால் ஐரிஷ் மொழி கற்று, பழைய ஏற்பாட்டை அந்த மொழியில் பெயர்க்கும் வேலையை நடத்தியவர். கிளர்ச்சி வெடித்தபோது கேவன் பகுதி அகதிகள் அவர் வீட்டில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். பல வாரம் யாரும் அவரைத் தொடவில்லை. பிறகு ஏரி நடுவே இருந்த க்ளோஊட்டர் கோட்டையில் சில வாரம் சிறை வைத்தார்கள். வெளியே வந்த கொஞ்ச நாளில், 1642 பிப்ரவரி 7 அன்று, காய்ச்சலில் இறந்தார். அவர் விரும்பிய இடத்தில் புதைக்கவிட்டு, கிளர்ச்சியாளர்களே அணிவகுத்து வந்து துப்பாக்கி முழக்கி மரியாதை செய்தார்கள். "என் ஆன்மா பெடலின் ஆன்மாவோடு இருக்கட்டும்" என்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் சொன்னதாக அவர் வரலாற்றில் வருகிறது.

கத்தோலிக்கர்களும் கொல்லப்பட்டார்களே, அதை ஏன் சொல்வதில்லை?

சொல்லத்தான் வேண்டும். 1642 ஜனவரியில் ஆன்ட்ரிம் கவுண்டியின் ஐலண்ட்மகீயில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. விக்லோவில் சர் சார்லஸ் கூட் கிளர்ச்சிக்காரன் யார், குடியானவன் யார் என்று பார்க்காமல் கொன்றார். மே மாதம் நியூரியைப் பிடித்த ஸ்காட்டியப் படை கைதிகளையும் பாதிரியார்களையும் கொன்றது. ஆனால் இறந்த கத்தோலிக்கர்களை உட்காரவைத்து வாக்குமூலம் வாங்க எந்தக் குழுவும் இல்லை. அதனால் அந்தப் பக்கத்துக் காகிதம் மெலிந்து கிடக்கிறது. மிகை மட்டும் இரு பக்கமும் ஒன்றுபோல. ஐலண்ட்மகீயில் 3,000 பேர் செத்ததாகப் பின்னால் ஒரு துண்டுப்பிரசுரம் சொன்னது. அந்தச் சிறு தீபகற்பத்தில் அவ்வளவு சனமே இல்லை.

குரோம்வெல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மூன்று லட்சம் என்ற எண்ணைத் தலையில் சுமந்துகொண்டுதான் 1649-ல் இங்கிலாந்து நாடாளுமன்றப் படைத்தலைவரான அவர் அயர்லாந்தில் வந்திறங்கினார். ட்ரோகெடா ஊரைத் தாக்கிப் பிடித்துக் காவல்படையைக் கொன்றுவிட்டு, அப்பாவி ரத்தத்தில் கைநனைத்த காட்டுமிராண்டிகளுக்குக் கடவுள் கொடுத்த நீதி என்று எழுதினார். ட்ரோகெடாவோ 1641-ல் கிளர்ச்சியாளர் முற்றுகையைத் தாங்கி நின்ற ஊர்.

பணமும் இருந்தது இதற்குள். 1642 மார்ச்சிலேயே லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. போருக்குக் கடன் கொடுப்பவர்களுக்கு அயர்லாந்தில் பறிமுதல் செய்யப்போகும் 25 லட்சம் ஏக்கரிலிருந்து நிலம். கொலைச் செய்தி எவ்வளவு பெரிதோ அவ்வளவு முதலீடு. லண்டனில் விற்ற படப் பிரசுரங்களில் ஜெர்மனியின் முப்பதாண்டுப் போர்ப் படங்களின் சாயல் அப்படியே தெரியும். 1641-ல் அயர்லாந்து நிலத்தில் 60 சதவீதத்துக்குக் கிட்டே கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1660-களில் அது 20 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது.

ஃபீலிம் ஓநீல் என்ன ஆனார்?

1653 மார்ச் மாதம் டப்ளினில் தூக்கு. நியூரியில் காட்டிய பத்திரம் சார்லஸ் மன்னர் கொடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டால் உயிர்ப்பிச்சை என்று ஆசை காட்டினார்கள். மன்னரின் தலை இங்கிலாந்தில் வெட்டப்பட்டு நான்காண்டு ஆகியிருந்தது, சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் மறுத்துவிட்டார்.

இன்றைக்கும் இது பேசப்படுகிறதா?

வட அயர்லாந்தில், ஆம். 1662-ல் போட்ட சட்டப்படி அக்டோபர் 23 ஆண்டுதோறும் புராட்டஸ்டன்ட் தேவாலயங்களில் நன்றி வழிபாட்டு நாளாகக் கொண்டாடப்பட்டது. ஆரஞ்சு அமைப்பு என்ற புராட்டஸ்டன்ட் சங்கம் 1795-ல் தோன்றியதும் அர்மாவில், லாக்கால் பக்கத்தில்தான். அந்த அமைப்பின் ஊர்வலப் பதாகைகளில் போர்ட்டடவுன் பாலத்துக் காட்சி தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

2010-ல் வாக்குமூலங்கள் முழுவதும், 19,000 பக்கங்கள், இணையத்தில் ஏற்றப்பட்டன. டப்ளினில் நடந்த விழாவில் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி மக்கலீஸ் பேசினார், வடக்கின் கடும் புராட்டஸ்டன்ட் தலைவர் இயன் பெய்ஸ்லியும் மேடையேறினார். யாரும் இலவசமாகப் படிக்கலாம். எழுத்துக்கூட்டல் பழையது, முதலில் தடுக்கும். ஆள்பெயர், ஊர்ப்பெயர் போட்டுத் தேடலாம். அர்மாவில் தொடங்குங்கள்.